முடிவிலி காட்டாத வளையம்

தோல் உறையின் பொத்தானை விடுவித்த கணத்தில் எழுந்தது, மழையில் நனைந்து மூலையில் கிடந்த செருப்பின் நாற்றம். உள்ளே இருந்தது என்னுடைய பழைய பிலிம் கேமரா. தேயிலை ஏலம் நடத்தும் தரகு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்த காலத்தில் வாங்கியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த உறை திறக்கப்படவே இல்லை. பின்மூடியைத் திறந்தேன். ஒளி புகாமலிருக்க வைத்திருந்த பஞ்சு முழுவதும் உருகிக் கறுப்புப் பிசினாகி விரலில் ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தும் அது போகவில்லை. அந்த விரலோடு அன்று மாலைத் திருநீறு அணிய மனம் கூசியது.

குன்னூரில் குடியிருப்பவர்களுக்குப் பூசணம் புதியது அன்று. ஆனி, ஆடி மாதங்களில் மடித்து வைத்த வேட்டியில் பூக்கும். ஊறுகாய்ப் பரணியில் பூக்கும். நான் நாள்தோறும் ஓதும் ஏடுகளின் அட்டையிலும் பூக்கும். துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். ஆனால் லென்ஸைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது நான் கண்டது வேறு. இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே, எந்தத் துணியும் நுழைய முடியாத இடத்தில், வெள்ளை வேர்கள் ஓடியிருந்தன. கண்ணாடியைத் தின்று வளரும் உயிர் ஒன்று உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். பூசனை, பூசணம் என்னும் இரண்டு சொற்களும் காதுக்கு எவ்வளவு அருகில் ஒலிக்கின்றன என்று நினைத்து வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

இந்த அருவருப்பை நான் வலிய வாங்கிக்கொண்டதற்குக் காரணம் ஒரு சுவர்.

கோத்தகிரிச் சாலையில் உள்ளடங்கிய எஸ்டேட் ஒன்றில் சிறிய முருகன் கோயில் இருக்கிறது. கிருத்திகைதோறும் நான் அங்கே போவேன். கருவறைக்குப் பின்னால், ஒருவர் மட்டும் நடக்கும் அளவுக்கே இடைகழி. ஒரு புறம் கோயிற்சுவர், மறு புறம் பாறை, மேலே தகரக் கூரை. அந்தச் சுவரில் கறுப்பு மையால், ஓரங்குல எழுத்தில், தலைக்கு மேலிருந்து முழங்கால் வரை ஒரே நிரலாகப் பதினொரு பாடல்கள் எழுதப்பட்டிருந்தன. எழுதியவர் எந்தப் புலவர் மரபையும் சேர்ந்தவர் அல்லர். இலங்கையிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்து, இந்த எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலைப் பெட்டிகளின் மேல் பெயரும் எண்ணும் எழுதி வந்தவர். பெட்டிக்கு வாங்கிய அதே மையைத்தான் சுவரிலும் பூசியிருக்கிறார். பாடல்களும் அவர் கட்டியவையே. வேறு எந்த ஏட்டிலும் அவை இல்லை.

யாப்பு அங்கங்கே தடுமாறும். எதுகை கிடைக்காத இடத்தில் எஸ்டேட் சொல்லைக் கூசாமல் வைத்துவிடுவார். ஆனால் மூன்றாம் பாடலை முதன்முறை படித்த அன்று நான் அந்த இடைகழியிலேயே நெடுநேரம் நின்றேன். பறிக்கப்பட்ட கொழுந்தைப் போல நானும் வாடினேன், உருளையில் நசுங்கினேன், புளித்தேன், அனலில் வெந்தேன், சல்லடையில் ஆடினேன். எல்லாம் முடிந்த பிறகு எஞ்சிய தூள் உன் கால்தூளோடு சேரட்டும் என்பது அதன் பொருள். அறுபது ஆண்டுகளாகப் பத்தி நூல்களை ஓதி வருகிற எனக்கு, என் ஊர்த் தேயிலையைக் கொண்டு இப்படி ஒருவர் தொழுதிருப்பார் என்று தோன்றியதே இல்லை.

அந்தக் கோயிலுக்குக் குடமுழுக்கு என்று தீர்மானமானது. குடமுழுக்கு என்றால் இக்காலத்தில் டைல்ஸ் என்று பொருள். திருப்பணிக் கமிட்டியின் செயலாளர் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். சுவர் முழுவதும் ஆள் உயரத்துக்கு டைல்ஸ் பதிக்கப் போவதாக மகிழ்ச்சியோடு சொன்னார்.

"எல்லாக் கோயில்லயும் இப்ப இதுதானுங்க சாமி. ஒரு வாளி தண்ணி ஊத்துனா போதும், பளபளன்னு ஆயிரும்" என்றார்.

"குளியலறைக்கும் இதே காரணத்தைத்தான் சொல்கிறார்கள்" என்றேன்.

"அது வேற டிசைனுங்க" என்றார் அவர், சற்றும் வருத்தப்படாமல்.

பாடல்களைப் பற்றிச் சொன்னேன். அந்த இடுக்கில் யார் போய்ப் படிக்கிறார்கள் என்று கேட்டார். வேண்டுமானால் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். முன்மண்டபத்தில் தொடங்கி, பின்சுவரைக் கடைசியாகத்தான் செய்வார்கள், மூன்று வாரம் ஆகும் என்றார். அதை நம்பினேன்.

அன்றே கைப்பேசியில் முதற்பாடலைப் படம் எடுத்துப் பார்த்தேன். வந்த படம் என் கண்ணுக்குத் தெரிந்த சுவரே அல்ல. தேய்ந்த எழுத்துகளைக் கைப்பேசி தானே அழகுபடுத்தியிருந்தது. சுண்ணாம்பின் சொரசொரப்பை மழமழப்பாக்கி, மங்கிய ழகரத்தின் சுழியை நிரப்பி மகரமாக்கியிருந்தது. பாடபேதத்தை உண்டாக்கும் கருவியை முதன்முறையாகக் கண்டேன். ஏடு எழுதுவோர் தூக்கக் கலக்கத்தில் செய்த பிழைகளையே பொறுத்துக்கொள்ளாத நான், இதை எப்படிப் பொறுப்பேன்? கையால் படியெடுக்கத் தொடங்கினேன். ஐந்து பாடல்கள் முடிந்தன. அதற்குக் கீழே விளக்குப் புகையும், முதுகு உராய்ந்த தேய்வும், தரை கழுவும் நீரின் தெறிப்பும் சேர்ந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஊகிக்க வேண்டியிருந்தது. நல்ல கேமராவில் எடுத்துவிட்டால் வீட்டில் அமர்ந்து பெரிதாக்கிப் படிக்கலாம் என்று படியெடுப்பை நிறுத்திவிட்டேன்.

பெட்டி எழுதியவரின் மகன் அந்த எஸ்டேட்டிலேயே இருக்கிறார். ஃபேக்டரியில் தேயிலையைக் காயவைக்கும் ட்ரையரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைவிட நாலைந்து வயது இளையவராக இருக்கலாம். டைல்ஸ் செய்தி கேட்டு அவரே என்னைத் தேடி வந்தார்.

"ஆபீஸ் ஐயா, ஒரு ஒதவி. கடைசிப் பாட்ட மட்டும் படம் எடுத்துக் குடுங்க, போதும்."

"கடைசி மட்டும் ஏன்?"

"அதுலதானே அப்பா பேரு இருக்கு. செக்ரோல் சம்பளப் பதிவுல பாதிப் பேரு. கப்பல்ல வந்தப்ப குடுத்த பாஸ்போட்டுல வேற பேரு. ரேசன் கார்டுல இன்னொருத்தன் பேரு. அவரு கையால, அவரு பேர முழுசா எழுதுனது அந்தச் சொவத்துல மட்டுந்தான் ஐயா. எங்கிட்ட ஒரு கடுதாசிகூட கெடையாது."

"அந்தப் பாட்டு உங்களுக்கு வராதா?"

"பூசைக்கு மொத மூணுதான் பாடுவோம். அதுக்கே பொங்கல் ஆறிப்போயிரும்."

பத்துப் பாடல்களுக்குப் பிறகு பதினோராவதில் பாடியவர் தம் பெயரையும் ஊரையும் சொல்லி முடிப்பது பதிகத்தின் முறை. இவர் அந்த முறையை யாரிடம் கற்றாரோ தெரியாது, பிறழாமல் செய்திருந்தார். மகனிடம் நான் சொன்ன மறுமொழியை இப்போது எழுதவே நாக் கசக்கிறது. "பதிகத்தை வாலிலிருந்து தொடங்கக் கூடாது. முதலிலிருந்து பதினொன்றும் முறையாக எடுத்துத் தருகிறேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். பெரியவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

புதிய கேமராவும் அருகிலிருந்து எழுத்தை எடுக்கும் லென்ஸும் வாங்க என் ஓய்வூதியம் இடம் தராது. பழைய லென்ஸைப் புதிய டிஜிட்டல் கேமராவின் உடலில் மாட்டலாம் என்று கைப்பேசியில் காணொளிகள் சொல்லின. அவற்றைப் பார்த்த நாட்களும் என் வாழ்நாளில் சேர்த்துக் கணக்கிடப்படும் என்பதை எண்ணினால் நடுங்குகிறது. கண்ணாடிக்குள் தூசியும் பூசணமும் ஏறி ஒளி சிதறுவதை ஒரு பிள்ளை "பழைய காலத்து மாயம்" என்று மெய்சிலிர்த்துச் சொன்னான். மற்றொருவன், லென்ஸில் கீறல் இருந்தால் இன்னும் சிறப்பு என்றான். அழுக்குக்கு அழகு என்று பெயர் வைத்து விற்கும் துணிவை நான் சந்தையில்கூடக் கண்டதில்லை.

கோயம்புத்தூரில் ஒருவர் பழைய டிஜிட்டல் கேமராவை லென்ஸ் இல்லாமல் விற்பதாகக் கண்டு அனுப்பச் சொன்னேன். விளம்பரத்தில் "பாடி மட்டும்" என்று போட்டிருந்தார். கூரியர்க்காரர் அழைத்தபோது போனை எடுத்தவள் என் மனைவி. அழைத்தவரின் குரல் எனக்கும் கேட்டது.

"அம்மா, கோயமுத்தூர்ல இருந்து ஐயாவோட பாடி வந்திருக்குங்க. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறீங்களா?"

அவள் போனை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "ஏனுங்க, நீங்க இங்கதான் இருக்கறீங்க. அப்ப வந்தது யாரு?"

வந்ததைப் பார்த்தபோது அவள் கேட்டது தகும் என்றே பட்டது. கல்யாணப் படம் எடுப்பவர் யாரோ பயன்படுத்தியது. கண் வைத்துப் பார்க்கும் ரப்பரில் முன்னவரின் நெற்றி எண்ணெய் தோலாகக் காய்ந்திருந்தது; அதில் ஒரு தலைமுடி. பொத்தான்களின் இடுக்கில் உலர்ந்த சந்தனமும் சரிகைத் தூளும். பிடியை மூடிய ரப்பர் இளகிப் பிசுபிசுத்தது. பஞ்சில் மருந்து ஸ்பிரிட் தோய்த்துத் துடைக்கத் துடைக்கப் பழுப்பு வந்துகொண்டே இருந்தது.

"அந்தக் கையோட பூஜை ரூமுக்குள்ள போகாதீங்க" என்றாள். போகவில்லை. குளித்தேன்.

லென்ஸையும் உடலையும் எடுத்துக்கொண்டு ஊட்டிக்குப் பஸ் ஏறினேன். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் கைக்கடிகாரமும் கைப்பேசியும் பழுது பார்க்கும் பாய் ஒருவர், பழைய கேமராக்களையும் பார்ப்பார் என்று சொன்னார்கள். அவர் லென்ஸைத் திறந்து வேரோடிய பூசணத்தை ஏதோ திரவத்தால் துடைத்தெடுத்தார். பஞ்சில் வந்ததை எனக்குக் காட்டினார். காட்டாமல் இருந்திருக்கலாம்.

"முழுசா போகாதுங்கய்யா, கண்ணாடியில தழும்பு நிக்கும். படத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

பிறகு ஆணியில், வளையல்களைப் போல நூலில் கோத்துத் தொங்கவிட்டிருந்த உலோக வளையங்களிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்தார். காணொளிகளில் அடாப்டர் என்று சொன்னது அதைத்தான். ஒரு புறம் என் பழைய லென்ஸைப் பிடித்துக்கொள்ளும். மறு புறம் புதிய உடலில் பொருந்தும். மாட்டிக் கொடுத்தார். லென்ஸின் விளிம்பைத் திருகித் தொலைவுக்குக் கொண்டுபோனேன். அதன் எல்லையில், எட்டு என்னும் எண்ணைப் படுக்க வைத்தாற்போல ஒரு குறி இருக்கிறது. முடிவிலிக் குறி. அந்தக் குறியில் நிறுத்தித் தெருவைப் பார்த்தேன். எதிர்க்கடைப் பலகை வெறும் நிறக் கறையாகத் தெரிந்தது. மலைமுகடு இருந்த இடத்தில் ஒரு சாம்பல் வீக்கம்.

"எட்ட இருக்கறது தெரியாதுங்கய்யா" என்றார் பாய். "இந்த லென்ஸ் உடம்புக்குள்ள இன்னும் நெருங்கி உக்காரணும். வளையம் நடுவுல வந்து ரெண்டு மூணு மில்லி தள்ளி வெச்சிருது. கையெட்டுற தூரத்துல இருக்கறது மட்டும் சுத்தமா வரும்."

"அப்படியானால் இந்தக் குறி எதற்கு?"

"குறி லென்ஸோடது. வளையத்துக்கு அது தெரியாது."

"முடிவிலி தெரிய வேறு வழி உண்டா?"

"உள்ள சின்னக் கண்ணாடி வெச்ச வளையம் வருது. என்கிட்ட இல்ல, போன்ல ஆர்டர் போடணும். ஆனா சொல்றேன் கேளுங்க, அது அடுத்தவன் மூக்குக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கற மாதிரி. எல்லாம் தெரியும், எதுவும் நல்லாத் தெரியாது." பிறகு கேட்டார்: "என்ன படம் எடுக்கப் போறீங்க? அதைச் சொன்னீங்கன்னா எது தோதுன்னு நானே சொல்லிருவேன்."

மூன்றடியில் இருக்கும் ஒரு சுவர் என்று சொல்ல ஒரு கணம் போதும். நான் சொல்லவில்லை. முடிவிலி என்னும் சொல்லில் நான் அகப்பட்டுக்கொண்டிருந்தேன். அடியும் முடியும் அற்றவன் என்று இறைவனைப் பாடிப் பழகிய வாய் இது. பன்றியாய் அகழ்ந்தும் அன்னமாய்ப் பறந்தும் காண முடியாதவன் என்று எத்தனை வைகறைகளில் ஓதியிருப்பேன். அந்தக் குறியைத் தன் மேல் பொறித்துக்கொண்ட கருவி, அதைக் காணாமல் மூன்றடியில் குருடாகிவிடுவது எனக்கு ஓர் ஊனமாக, சொல்லப்போனால் ஒரு நிந்தனையாகப் பட்டது. ஊனமுள்ள மலரைப் பூசைக்கு எடுப்பதில்லை. ஊனமுள்ள கண்ணால் ஒரு பதிகத்தை எடுப்பதா?

"என்ன படமாக இருந்தால் என்ன, முடிவிலி தெரிய வேண்டும்" என்றேன்.

"உங்க இஷ்டங்கய்யா" என்று அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "இதையும் கொண்டு போங்க. எதுக்காவது ஆகும்."

கண்ணாடி இல்லாத அந்த வளையத்தை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, மற்றொன்றுக்காகக் காத்திருந்தேன். சாலையில் மண் சரிந்து தபாலும் கூரியரும் தாமதமான வாரங்கள் அவை. செயலாளர் கெடு சொன்ன நாளிலிருந்து பதினாறாம் நாள் அது வந்தது.

குப்பை. வேறு சொல் தேடியும் கிடைக்கவில்லை. உள்ளே பொதிந்திருந்த கண்ணாடி, தெருவில் விற்கும் பொம்மைத் தொலைநோக்கியின் கண்ணாடியைவிட மட்டம். முடிவிலி தெரிந்தது, ஆம். எதிர்மலையின் தேயிலைச் சரிவைப் பார்த்தேன். ஒவ்வொரு நிழல்மரத்தைச் சுற்றியும் பால் சிந்தினாற்போல வெள்ளை ஒளிவட்டம். வீட்டுச் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்; தேதியின் ஒவ்வோர் எண்ணுக்கும் ஆவி பிடித்திருந்தது. எனக்கு ஆத்திரம் வந்து கழற்றப் போனால் வளையம் உடலோடு இறுகிக்கொண்டது. திருகினால் வழுக்கியது. உலோகம் தேய்ந்த கறுப்புத் தூள் என் உள்ளங்கையில் அப்பியது. இரண்டு நாள் போராடினேன்.

"ரெண்டு பேரும் இப்படியே இருந்துக்குங்க" என்றாள் மனைவி, என்னையும் கேமராவையும் பார்த்து.

மீண்டும் ஊட்டி. பாய் அதைக் கையில் வாங்கிக்கொண்டார். ரப்பர் துணி ஒன்றைச் சுற்றி, மூச்சை அடக்கி ஒரே திருகில் பிடுங்கினார். வளையத்தின் ஒரு பல் பெயர்ந்து அவர் மேசையில் விழுந்தது.

"இப்பவாவது சொல்லுங்கய்யா, என்ன படம்?"

"ஒரு கோயிற்சுவர். எழுத்து இருக்கிறது."

"எத்தனை தூரத்துல நின்னு எடுப்பீங்க?"

"இடைகழி. முதுகு பாறையில் இடிக்கும். மூன்றடி இருக்கும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சினந்துகொண்டாவது எழுந்து வந்திருப்பேன்.

"மூணடிச் சுவத்துக்கு எதுக்குங்கய்யா முடிவிலி? மொதல்ல குடுத்த வளையம் அதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குமே."

குன்னூருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. என் மடியில் இருந்த பொருள்களின் மேல் கொண்டிருந்த அருவருப்பு முழுவதும் இடம் மாறி என் மேல் வந்து அமர்ந்தது. பூசணமும் பிசினும் தம் இயல்பைச் செய்தன. நான்தான் பத்திக்குரிய ஒரு சொல்லைக் கடைத்தெருவில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு செருக்கியிருக்கிறேன்.

மறுநாள் காலை இழுப்பறையிலிருந்து முதல் வளையத்தை எடுத்து மாட்டிக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போனேன். செயலாளர் சொன்ன மூன்று வாரம் முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது. ஆனால் தொடர்ந்து மழை. திறந்த முன்மண்டபத்தில் சிமெண்ட் நிற்கவில்லை. ஆகவே டைல்ஸ் வேலைக்காரர்கள் தகரக் கூரை இருந்த பின் இடைகழிக்கு முதலிலேயே வந்துவிட்டார்கள்.

இடுப்பளவு முடிந்திருந்தது. கீழிருந்து மேலாகத்தானே பதிப்பார்கள். பழுப்புக் கரையிட்ட, மின்னும் டைல்ஸ். குன்னூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஓர் உணவகத்தின் கை கழுவும் இடத்தில் இதே நிறத்தைப் பார்த்திருக்கிறேன். சிமெண்ட் பிடிப்பதற்காக அதற்கு அடியில் சுவரைக் கொத்தியிருந்தார்கள். ஒன்பதும், பத்தும், பதினொன்றும் போய்விட்டன.

"இந்தச் சுவரைக் கடைசியாகச் செய்வதாக அல்லவா சொன்னார்கள்" என்று கொத்தனாரிடம் கேட்டேன்.

"மழைக்கு யாருங்க சாமி சொல்றது?" என்றார் அவர். "மேல இருக்கறதை மத்தியானத்துக்குள்ள கொத்தணும். எடுக்கறதுன்னா எடுத்துக்குங்க, நாங்க டீ குடிச்சிட்டு வர்றோம்."

எடுத்தேன். பாறையில் முதுகைச் சாய்த்து, அவர்களுடைய ஏணியில் ஏறியும் இறங்கியும், ஒரு பாடலுக்கு இரண்டு படமாக எட்டுப் பாடல்களையும் எடுத்தேன். அத்தனை தெளிவு. மையின் மேல் தூரிகை மயிர் இழுத்த கோடுகள் தெரிந்தன. ஓரிடத்தில் அவர் எழுத்தைப் பிழையாக எழுதி, சுரண்டி, மேலே திருத்தியிருந்தது தெரிந்தது. பூசணத் தழும்புள்ள அந்த லென்ஸ், தன்னால் முடிந்த மூன்றடிக்குள் ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொரு படத்தையும் பின்திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் நாளே இதே வளையத்தோடு வந்திருந்தால் பதினொன்றும் இப்படி வந்திருக்கும். முதல் நாளே அவர் கேட்டபடி கீழே குனிந்து ஒரே ஒரு பாட்டை எடுத்திருந்தாலும் போதும்.

ட்ரையர்க்காரர் தகவல் தெரிந்து வந்தபோது நான் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். அவர் டைல்ஸைப் பார்த்தார். கை வைத்து அதன் வழவழப்பைத் தடவினார்.

"எடுத்துட்டீங்களா ஐயா?"

"எட்டு."

"கடைசி?"

நடந்ததை மறைக்காமல் சொன்னேன். முதல் வளையம் இழுப்பறையில் கிடந்ததைச் சொன்னேன். முடிவிலியைச் சொன்னேன், அந்தச் சொல் அந்த இடைகழியில் மிக அற்பமாக ஒலித்தது. அவர் முழுதும் கேட்டார்.

"பரவால்லன்னு சொல்ல வாய் வரலங்க ஐயா" என்றார்.

"சொல்ல வேண்டாம்."

"கொத்துனத எங்க போட்டானுங்க?"

மடைப்பள்ளிக்குப் பின்னால் சிமெண்ட் சாக்குகளில் நிரப்பி வைத்திருந்தார்கள். இரண்டு சாக்கு. மழை அதில் இறங்கியிருந்தது. அன்னதானத்தின் எச்சில் இலைகளையும் யாரோ அதே சாக்கில் திணித்திருந்தார்கள். வெற்றிலைச் சாறு துப்பியிருந்தார்கள். விளக்கு எண்ணெயில் ஊறிய திரிகள், எலிப்புழுக்கை, புளித்த சாம்பாரின் நாற்றம். அவர் ஒரு சாக்கைத் தரையில் கவிழ்த்துக் குத்துக்காலிட்டு அமர்ந்தார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மற்றதைக் கவிழ்த்தேன். அதற்குள் கையை விடும்போது, எழுபது ஆண்டு ஆசாரம் என் தோளில் நின்று பதறியதை மறைப்பதற்கில்லை.

காரைத் துண்டுகள் ஈரத்தில் கையோடு கரைந்தன. எழுத்து இருக்கும் என்று எண்ணி எடுத்தவை பல, புகைக்கறை. ஒரு துண்டில் "வேல்" என்று நினைத்தேன். அதில் "வே" மட்டுமே இருந்தது. நண்பகல் வரை தேடியதில், மை தெரிந்த துண்டுகள் ஒன்பது கிடைத்தன. அவற்றைக் குழாய் நீரில் காட்டாமல், அவர் தம் மஃப்ளரால் ஒற்றி எடுத்துச் செய்தித்தாளில் பரப்பினார். நான் எந்த எழுத்து எந்தப் பாட்டினது என்று ஆராயத் தொடங்கினேன். எதுகை, சீர், அளவு என்று வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. மூன்று துண்டுகளை மட்டும் விரலால் தள்ளித் தனியே வைத்தார். அவர் தந்தையின் பெயரின் முதலெழுத்து; நடுவில் வரும் இரட்டை எழுத்தில் பாதி; கடைசி மெய்யின் புள்ளியும் மேல் வளைவும்.

"வேற பாட்டோட எழுத்தாகவும் இருக்கலாம்" என்றேன். உண்மையைச் சொல்லும் பழக்கம் சில நேரங்களில் எவ்வளவு அருவருக்கத்தக்கது என்று வாய்விட்ட பிறகு தெரிந்தது.

"இருக்கலாம்" என்றார். "எடுங்க ஐயா."

எடுத்தேன். வளையம் அனுமதித்த அளவுக்கு நெருங்கி, செய்தித்தாளின் மேல் மூன்று துண்டுகளையும், பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக. பின்னால் உளியின் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த வாரமே குன்னூரில் எல்லாவற்றையும் பெரிதாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு எஸ்டேட் தொழிலாளர் வரிசையில் இருந்த அவருடைய லயத்து வீட்டுக்குப் போனேன். எட்டுப் பாடல்களையும் படியெடுத்து, திருத்தம் செய்த இடத்தைக் குறிப்பிட்டு, அழகாகக் கோத்து வைத்திருந்தேன். அவர் மூன்று துண்டுகளின் படத்தை மட்டும் உருவி எடுத்தார். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சற்று நேரம் பார்த்தார். மீதியை வரிசை கலையாமல் அடுக்கி என்னிடமே நீட்டினார்.

"இது நீங்க வெச்சுக்குங்க ஐயா. பாட்டுத் தெரிஞ்சவங்க."

அவர் மனைவி தேநீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு எழுந்தேன். அந்தக் கோப்பு இப்போது என் பூஜை அறையில், நான் ஓதும் ஏடுகளின் பக்கத்தில் இருக்கிறது. எட்டாம் பாடல் வரை ஒருநாள் பாடிப் பார்த்தேன். அதற்கு மேல் வாய் போகவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.